இளைப்போடு இருக்கும் பெரியவர்களுக்கும் ஆதரவு சிகிச்சை உண்டு

நோயின் வேதனையைத் தணிக்கும் ஆதரவு சிகிச்சை என்றாலே புற்றுநோய் முற்றியவர்களுக்கானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கோ வேறு. இச்சிகிச்சை தேவைப்படும் பெரியவர்களில் 38.5 சதவீதம் பேர் இதய, ரத்தநாள நோயாளிகள்; புற்றுநோயாளிகள் 34 சதவீதம்; நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் 10.3 சதவீதம்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் சீமைக்கருவேல விறகடுப்பை ஆயுள் முழுக்க ஊதிய பாட்டிக்கும், பீடியை விடாத தாத்தாவுக்கும் கடைசியில் வருவது ஒரே இளைப்புதான். படுத்தால் மூச்சு முட்டும். நள்ளிரவில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்திருப்பார்கள், பேச முடியாது. வீட்டார் பதறி 108-ஐ அழைப்பார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரி, தேறி வீடு, சில வாரத்தில் மறுபடியும் ஆஸ்பத்திரி. இப்படி ஏறி இறங்கிப் போகும் நோய் என்பதால் ஆதரவு சிகிச்சை பற்றிய பேச்சே எழாமல் போகிறது. அடிக்கடி அட்மிட் ஆகத் தொடங்கியதுமே, இதய மாத்திரை, இன்ஹேலரோடு சேர்த்தே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை நிறைய. டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்தால், கன்னத்தில் படும் காற்றே மூச்சுத் தவிப்பைக் கொஞ்சம் தணிக்கும். இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ கூடி, கால் வீங்கினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லி நீர் மாத்திரையின் அளவைச் சரிசெய்தால், பல நேரம் ஆஸ்பத்திரிப் பயணமே மிச்சமாகும். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கச் சொல்வார்கள், சரிதான். ஆனால் கடைசி நாட்களில் ஒரு துண்டு கருவாட்டுக்கு ஆசைப்படும் பெரியவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இவற்றுக்கும் அடங்காவிட்டால் மார்ஃபின் உண்டு. அதைத் தருவதில் முன்பு சட்டச் சிக்கல் இருந்தது; போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தம் அந்தச் சிக்கலைத் தளர்த்தியது. வேறு எந்த மருந்தாலும் அடங்காத மூச்சுத் திணறலுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் குறைந்த அளவில் மார்ஃபினைக் கொடுப்பதுண்டு.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை கூட்டிப்போனால் மருமகளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கூலி ஒருநாள் போய்விடும் வீடுகள் இங்கே அதிகம். அந்த வீட்டார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சேவையை உரிமையோடு கேட்க வேண்டும்.

கடைசி நேரத்தில் செயற்கை சுவாசக் கருவி வேண்டுமா என்பதை, பெரியவர் தெளிவாகப் பேசும் நாளிலேயே அவரிடம் கேட்டுவிடுங்கள். அந்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வழிவிட்டது. 2023 உத்தரவுக்குப் பிறகு மாஜிஸ்திரேட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமே சான்று பெறலாம்.