மூத்த பிள்ளையின் எச்சிலும் வயிற்றுப் பிள்ளையின் காதும்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் பெண் பிள்ளை கலியாணம் முடித்தாலும் பெரும்பாலும் உம்மாவின் வளவை விட்டுப் போவதில்லை. தங்கச்சிக்கும் பக்கத்திலேயே வீடு. இரண்டு மாதக் கர்ப்பமாக இருக்கும் ராத்தாவின் மடியில் அவளுடைய இரண்டு வயதுக்காரன், இடுப்பில் தங்கச்சியின் பிள்ளை. மகன் கடித்து வைத்த பிஸ்கட்டை வீணாக்கக் கூடாதென்று அவளே தின்று முடிக்கிறாள். சைட்டோமெகலோ வைரஸ் அவளிடம் வந்து சேருகிற வழி இதுதான்.

ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ் இது. ஒருமுறை தொற்றினால் ஆயுள் முழுக்க உடலிலேயே தங்கிவிடும். நல்ல சுகத்தோடு இருப்பவருக்கு வந்ததே தெரியாது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களை விடாது: சிறுநீரக மாற்று செய்தவரைப் படுக்கையில் தள்ளும், எச்ஐவி முற்றியவரின் பார்வையைப் பறிக்கும். ஆனால் நம் வீடுகளில் நான் அதிகம் அஞ்சுவது கர்ப்பிணிகளுக்காகத்தான்.

தொற்றிய சின்னப் பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டே மாதக் கணக்கில், சிலவேளை வருடக் கணக்கில், எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றும். அதனால் 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு புழங்குவதே கர்ப்பிணிக்குப் பெரிய ஆபத்துக் காரணி. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிசுக்களுக்கு அது கடக்கும். முதல் மூன்று மாதத்தில் என்றால் பாதிப்பும் கடுமை. முன்பே தொற்றியவளுக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் பழைய வைரஸ் மீண்டும் கிளம்பலாம், வேறு வகை புதிதாகத் தொற்றலாம்.

வயிற்றிலேயே தொற்றிய பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் பார்வைக்குச் சுகமாகவே பிறப்பார்கள். அவர்களிலும் சிலருக்கு மாதங்கள் கழித்துக் காது கேட்பது குறையும். பிறந்தவுடன் செய்த காதுச் சோதனையில் தேறியவருக்கும் இது நடக்கும். பிறந்த 21 நாட்களுக்குள் சிறுநீரையோ எச்சிலையோ சோதித்தால்தான் தொற்று வயிற்றில் வந்ததா என்று உறுதியாகச் சொல்லலாம்.

தடுப்பூசி இன்னும் இல்லை. பம்பர்ஸ் மாற்றியதும், மூக்குச் சளி துடைத்ததும் சவர்க்காரம் போட்டுக் கையை 20 வினாடி கழுவுங்கள். வுழூ செய்கிற கைதானே என்று விடாதீர்கள், வெறும் தண்ணீர் போதாது. பிள்ளையின் மிச்சச் சோற்றைக் கோழிக்குப் போடுங்கள். உதட்டில் கொஞ்சாமல் நெற்றியில் கொஞ்சுங்கள். தாய்ப்பாலிலும் வைரஸ் போகும். நிறைமாதப் பிள்ளைக்கு அதனால் கேடில்லை, பாலை நிறுத்த வேண்டாம்.

கூப்பிட்டும் பிள்ளை திரும்பவில்லையா? "வாப்பாவும் சுணங்கித்தான் பேசினார்" என்று மூத்தம்மா சொன்னாலும் காத்திருக்காதீர்கள். அந்த வாரமே வைத்தியரிடம் காட்டிக் காதைச் சோதியுங்கள்.