பார்ப்போர் நடத்தும் நாடகம்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துக் கண்டனர் நம் முன்னோர். இம்மூன்றோடு பார்ப்போரின் விருப்பமும் சேர்ந்து ஒரு கதையை நடத்திச் சென்றால் எப்படியிருக்கும்? அத்தகைய தொலைக்காட்சி நாடகம் ஒன்று 2005ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சேனல் 4 வாயிலாக ஒளிபரப்பாயிற்று. 'டப்பிளேட் டிராமா' என்பது அதன் பெயர். புதுப்பாடலை மக்கள் முன் ஒலிக்கவிட்டுப் பார்ப்பதற்காக ஒரே படியாக வெட்டப்படும் இசைத்தட்டே டப்பிளேட் ஆகும்.

கதைத் தலைவி டியோன், 'ராப்' பாடகியாக விரும்பும் இளம்பெண். இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தம் பெறுவது அவள் கனவு. ஷைஸ்டி என்னும் ராப் பாடகியே அவ்வேடத்தை ஏற்றார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் டியோன் ஓர் இக்கட்டில் நிற்பாள். இதுவா, அதுவா என்பதற்கு நேயர்கள் கைப்பேசி வழியே வாக்களிப்பர். பெரும்பான்மை எதுவோ, அவ்வழியே அடுத்த பகுதி செல்லும். 2009 வரை இவ்வாறு மூன்று தொடர்கள் வெளிவந்தன.

ராப்பும் லாவணியும்

ராப் என்பது தாளத்தின் மேல் சந்தமும் இயைபும் தவறாது விரைந்து பேசிப் பாடும் கலை. அது தழைத்த ஹிப்ஹாப் இயக்கம் 1973ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின மக்களின் தெருவிருந்துகளில் வேர்விட்டது. இருவர் எதிரெதிர் நின்று பாட்டாலேயே ஒருவரையொருவர் மடக்குவதும் அதில் உண்டு. நமக்கு இது புதிதன்று. தஞ்சைப் பகுதியில் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும், எரியவில்லை என மறு கட்சியும் வினா விடையாகப் பாடும் லாவணியை அறிந்தோர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும்.

கிளைக்கும் கதை

இத்தகைய நாடகத்தை எழுதுவது எளிதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு பகுதிகள் கொண்ட கதையில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் இரு வழிகள் பிரிந்தால், இரண்டாம் பகுதிக்கு 2 வடிவங்கள் வேண்டும்; மூன்றாவதற்கு 4; பிறகு 8, 16, 32. ஆக மொத்தம் 63 பகுதிகளை எழுத வேண்டும். நேயர் காண்பதோ ஆறு மட்டுமே! எனவே, பிரிந்த கிளைகளைச் சிறிது தூரத்தில் மீண்டும் ஒன்றாக இணைப்பது இவ்வகை எழுத்தாளர்கள் கையாளும் உத்தி.

1967ஆம் ஆண்டு மாண்ட்ரியால் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் காட்டப்பெற்ற 'கினோஆட்டோமட்' இதற்கு முன்னோடி. ஒவ்வோர் இருக்கையிலும் இரு பொத்தான்கள் இருந்தன. இடையிடையே படம் நிற்கும். மேடையில் ஒருவர் தோன்றி வாக்குக் கேட்பார். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் நினைவுக்கு வருகிறான் அல்லவா? ஆனால் எப்படி வாக்களித்தாலும் கதை ஒரே முடிவுக்கே வந்து சேருமாறு அப்படம் அமைக்கப்பட்டிருந்தது.

அச்சும் களிமண்ணும்

நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் பாரிஸ் சாந்து அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் பொம்மையாக இறுகும். இரண்டு அச்சுகளைக் காட்டி, "எது வேண்டும்?" என்று கேட்டால் நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அச்சைச் செய்தவர் வேறொருவர். நேயரின் உரிமையும் அவ்வளவே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாக்களித்தவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உறங்கப் போகலாம். விளைவைச் சுமப்பவள் டியோன். நம் வகுப்பறைகளிலும் பாடவும் எழுதவும் ஏங்கும் டியோன்கள் உண்டு. "பாட்டு சோறு போடுமா?" என வீடும் ஊரும் வாக்களித்த பின், தங்கள் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தவர்களும் உண்டு. அறிவுரை கூறும் உரிமை பிறர்க்கு உண்டு. வாழப்போகிறவரின் ஒரு வாக்கையும் அவர்கள் கேட்டறிய வேண்டாவா?

காட்டப்பட்ட இரண்டு அச்சுகளையும் தவிர்த்து மூன்றாவதைத் தாமே வடித்தவர்களும் இருக்கின்றனர். மலேசியத் தமிழரான யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' தொகுப்பின் மூலம் தமிழ் ராப்பைப் பலரும் கேட்கச் செய்தனர். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறை மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதிக் கொடுமைகளைப் பாடியது. அக்குழுவில் பாடிய அறிவு, 2021இல் தீயுடன் இணைந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி'யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வை நினைவுகூர்ந்தார். தம் மக்களின் பேச்சே அவர்களுக்குப் பாட்டாயிற்று.

மாணவ நண்பர்களே! ஈர மண்ணை எப்படியும் வனையலாம். சூளை ஏறிய பின் மாற்ற இயலாது. கல்லூரிக் காலம் ஈர மண்ணின் காலம். வனையும் கைகளுள் நம் கையும் ஒன்றாக இருக்கட்டும்!