வாரத்துக்கு ஒரு போன்

பள்ளிப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோகத் தமிழ்நாட்டில் வழிகளுக்குப் பஞ்சமில்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சானது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனா காலத்தில் வாட்ஸ்அப் குழுவே வகுப்பறை ஆயிற்று. எல்லாமே பாடத்தை அனுப்பின. பிள்ளைக்கு ஏறியதா என்று எதுவும் திரும்பிக் கேட்கவில்லை. இந்தக் குறை கன்னியாகுமரி மாவட்டத்தில் பளிச்சென்று தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம், 91.75 சதவீதம். ஆகவே வந்த பாடத்தைப் பெற்றோர் பார்த்துப் பிள்ளையிடம் கேட்க, வாசிக்கத் தெரியாதது இங்கே பெரிய தடையல்ல, பொழுதுதான் இடிக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர் விடியுமுன் தோட்டத்தில் நிற்பார். தூத்தூர் ஆழ்கடல் மீனவர் கரை திரும்ப வாரக்கணக்காகும். அண்டி ஆபீசிலிருந்து, அதாவது முந்திரி ஆலையிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைக்கும் அம்மா, குழுவில் குவிந்த நாற்பது செய்திகளை எப்போது பார்ப்பார்?

இதற்கு ஒரு போன் விடையாகலாம். 2020இல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் ஆய்வாளர் நோம் ஆங்கிரிஸ்ட் குழுவினர் சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை கணக்கு குறுஞ்செய்தியாக மட்டும் போனது. இன்னொரு பகுதியினருக்கு அதோடு சுமார் இருபது நிமிடம் போனும் வந்தது: பெற்றோர் பிள்ளையைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட, அழைத்தவரும் சேர்ந்து மூவருமாக அந்தக் கணக்கைப் போட்டார்கள். குறுஞ்செய்தி மட்டும் பெற்றவர்களிடம் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. போன் வந்த வீடுகளில் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்தது. தம் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பெற்றோர் சரியாகக் கணிக்கத் தொடங்கியதும் ஒரு பலன். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. மதிப்பெண் அட்டை எந்நாளும் சொல்லாத சேதி அது.

ஆப்பிரிக்கக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு: பிறகு இந்தியா, நேபாளம் உட்பட ஐந்து நாடுகளில் செய்து பார்த்தும் பலன் கிடைத்தது. இங்கே ஆசிரியரே வாரம் ஒருமுறை இப்படிப் போன் செய்யலாம் என்றால், அவருக்கு நேரமேது என்பது நியாயமான கேள்வி. எமிஸ் என்ற கல்வித்துறைத் தகவல் தளத்தில் விவரம் ஏற்றவே பொழுது போய்விடுகிறது என்று அவர்கள் வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அந்த வேலையைக் குறைக்காமல் இதைத் தலையில் கட்டினால் இதுவும் இன்னொரு பதிவேடாகிவிடும். 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் தன்னார்வலர்களும் இதைச் செய்யலாம். பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் சிக்னல் தடுமாறும். அங்கே ஆள்தான் போகவேண்டும். புதிய செயலிக்குச் செலவிடுமுன் கல்வித்துறை இம்மாவட்டத்தின் முஞ்சிறை ஒன்றியத்தில் ஒரு பருவம் இதை நடத்திப் பார்க்கட்டும். சாதாரண பட்டன் போனே போதும்.