மூக்கும் மூளையும்

2021 மே மாதம். அடுப்பில் பால் தீய்ந்து கூடமெல்லாம் நாற்றம். அடுப்புக்கு முதுகைக் காட்டிக் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவியோ, "எனக்கு ஒண்ணும் தெரியலையேங்க" என்றாள். கொரோனா காய்ச்சல் போய்விட்டது, மோப்பம் திரும்பவில்லை. பால் போகட்டும், கேஸ் கசிந்தால்? அன்றே கசிவு எச்சரிக்கைக் கருவி வாங்கி மாட்டினேன்.

ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் கழித்தவன் நான். லைன் அறுந்தால் எங்கே என்று தேடாமல் தூக்கம் வராது.

காட்சியும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற ஜங்ஷனில் வண்டி மாறித்தான் புறணிக்குப் போகின்றன. வாசனை அங்கே நிற்பதில்லை. மூக்கின் நரம்பு செல்கள், அடுத்து முகர்குமிழ், அப்புறம் நேராக முகர்வுப் புறணி. நமக்குள்ள வாசனை ஏற்பிகள் சுமார் 400 வகை. எந்தக் கூட்டு காப்பி, எந்தக் கூட்டு மல்லிகை என்று பழகிக்கொள்வது இந்தப் புறணிதான். சேர்ந்து துடிக்கும் செல்களின் இணைப்பு (சினாப்ஸ்) வலுக்கும், மற்றவை தளரும். இந்த வலு மணிக்கணக்கில் நிலைப்பதை 1973இல் பிளிஸ், லோமோ இருவரும் முயல் மூளையின் வேறொரு பகுதியில் காட்டினார்கள். பின்னர் முகர்வுப் புறணியிலும் கண்டார்கள்.

இந்த ஆராய்ச்சி நம் ஊரிலும் நடக்கிறது! பெல்லாரி சாலை ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தை நிறுவிய ஒபைத் சித்திகி, ஈயின் மோப்பத்தை ஆராய்ந்தவர். அங்கிருந்த உபிந்தர் பல்லாவின் குழு 2006இல் ஒன்றைக் காட்டியது: எலி தன் இரு மூக்குத் துளைகளையும் ஒப்பிட்டு, வாசனை வரும் பக்கத்தை ஓரிரு முகர்விலேயே கண்டுகொள்கிறது. அதே பல்லா 1999இல் ரவி ஐயங்காருடன் சேர்ந்து, செல்லுக்குள் உள்ள ரசாயனச் சங்கிலிகள், தூண்டுதல் நின்ற பிறகும் 'ஆன்' நிலையிலேயே நிற்கக்கூடும் என்று கணினியில் காட்டினார். எங்கள் லாட்ச் ரிலேயும் அப்படித்தான். படித்தபோது பழைய நண்பனைப் பார்த்த மாதிரி இருந்தது.

மூக்கின் செல்கள் மறுபடி முளைக்கக்கூடியவை. ஆனால் புது ஒயர் வந்தால் போதுமா, எந்த ஒயர் எதற்கு என்று புறணி மறுபடி பழக வேண்டாமா? ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழு 2009இல் ஒரு பயிற்சியை வெளியிட்டது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகர வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை. எங்கள் வீட்டில் நீலகிரித் தைலமும் அஞ்சறைப்பெட்டியும் இருந்தன; செலவில்லாத வைத்தியம்.

ஒன்பதாம் வாரம் கிராம்பு வந்தது. பிறகு காப்பி, முதலில் ரப்பர் கருகின மாதிரி. சில மாதம் கழித்துக் காப்பியாகவே. மல்லிகை மட்டும் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மல்லேஸ்வரத்தில் ஒரு முழம் வாங்கி வருகிறேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தலையில் வைத்துக்கொள்கிறாள்.