கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும்!

பாண்டுப் தமிழ்க் கோயிலின் மைக் தொண்டர்களோடு ஒரு காலைப் பொழுது

ஞாயிற்றுக்கிழமை காலை மணி 5.30. பாண்டுப் ரெயில் நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஒரு பள்ளிக்கூடம். அதன் பின்புறம் ஒரு பெரிய ஹால். தெருவில் பால்காரரின் சைக்கிளையும், வடா பாவ் கடையில் மூட்டிய அடுப்பின் புகையையும் தவிர வேறு நடமாட்டம் இல்லை. ஹாலின் ஷட்டரை மூன்று பேர் சேர்ந்து தூக்குகிறார்கள். ஒருவர் தோளில் ஒயர் சுருள். இன்னொருவர் கையில் ஏணி. பின்னாலேயே ஒரு பெண், ஒரு கையில் கம்ப்யூட்டர் பையும் மறு கையில் டீ பிளாஸ்க்குமாக வருகிறார்.

7 மணிக்கு இங்கே தமிழ் ஆராதனை. 9.30-க்கு ஹாலைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். 10 மணிக்கு மராத்திச் சபையார் வந்துவிடுவார்கள். சொந்தக் கட்டிடம் இல்லாத சபை. ஆகவே ஒலிபெருக்கி, மைக், திரை, காமிரா அத்தனையையும் வாராவாரம் அலமாரியிலிருந்து எடுத்து, கட்டி, ஓட்டி, கழற்றி, மறுபடி அலமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களே இங்கு அதிகம். ஊர் வழக்கப்படி சர்ச்சைக் 'கோயில்' என்றும், போதகரை 'ஐயர்' என்றும்தான் சொல்கிறார்கள். கோயிலின் பெயரையும் தங்கள் பெயரையும் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார்கள்.

"ஆராதனை நடக்கும்போது ஜனங்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். யாரும் பார்க்காமல் இருந்தால்தான் எங்களுக்கு நல்லது" என்று சிரித்தார் மூத்தவர். கல்யாண் மின்சார லோகோ ஷெட்டில் பிட்டர். வயது 54. எல்லாருக்கும் அவர் 'அண்ணாச்சி'.

அவருக்கு அடுத்தவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். டீ பிளாஸ்க்கோடு வந்தவர் காட்கோபரில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறார். இவர்கள் தவிர, பிளஸ்-2 படிக்கும் இரண்டு பையன்கள்.

நாலு விரல் இடைவெளி

மைக்கில் பேசுவது ஒலிபெருக்கியில் வருகிறது. அந்தச் சத்தம் திரும்பவும் மைக்குக்குள் நுழைந்தால், மறுபடி பெருகி, மறுபடி வெளியே வந்து, மறுபடி நுழையும். கண் மூடித் திறப்பதற்குள் 'கூ' என்று ஓர் ஊளை. கலியாண வீட்டிலும் கட்சிக் கூட்டத்திலும் நாம் கேட்டதுதான். உடனே மைக் செட்காரரைத் திட்டுவோம்.

பாதித் தவறு பேசுகிறவருடையது என்கிறார் அண்ணாச்சி. அவர் மைக்கை விட்டு விலகி நின்றால் இங்கே சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டினால் ஊளை. ஒலிபெருக்கிகளை எப்போதும் மைக்குக்கு முன்னால், ஜனங்களைப் பார்க்க வைப்பதும் இதற்காகத்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், மைக்குக்குள் போகும் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடிவிடும்.

"காசில்லாத ஆம்ப்ளிபயர் இதுதான் தம்பி. நாலு விரல் இடைவெளி. இதைச் சொல்லிச் சொல்லி மூன்று ஐயர்மாரைப் பழக்கி விட்டேன். இப்போது நாலாவது ஐயர் மாற்றலாகி வந்திருக்கிறார்!"

ஹாலின் தரையில் ஓடு. சுவர் சிமெண்டு. கூரை தகரம். முன்னால் இரண்டு ஒலிபெருக்கி மட்டும் இருந்த காலத்தில் கடைசி பெஞ்சுக்குச் சத்தம் போதுமான அளவு போயிற்று. ஆனால் சொல் புரியவில்லை. எதிரொலியில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. சத்தத்தைக் கூட்டினால் குழப்பமும் சேர்ந்து கூடியது. பிறகு ஹாலின் நடுத்தூண்களில் இரண்டு ஒல்லியான ஒலிபெருக்கிகளைக் கட்டினார்கள். அதில் வேறொரு சிக்கல் வந்தது.

காற்றில் சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு அது வந்து சேர, ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஆகும். தூணில் உள்ள ஒலிபெருக்கியோ, ஒயர் வழியாக வந்த மின்சாரத்தில் அதற்கு முன்பே பேசி முடித்துவிடும். ஒரே சொல் இரண்டு தரம் காதில் விழும். எனவே தூண் ஒலிபெருக்கியை அந்தச் சிறு நேரம் வேண்டுமென்றே தாமதிக்க வைக்கிறார்கள். அதற்கு மிக்ஸரிலேயே வசதி இருக்கிறது. தாமதம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுவதை, ரெயில்வேயில் வேலை பார்க்கும் நான் இங்கேதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

எல்லாம் கட்டி முடிந்ததும் ஒரு சோதனை. பையன் ஒருவன் காகிதமும் பென்சிலுமாகக் கடைசி பெஞ்சில் உட்காருகிறான். அண்ணாச்சி மைக்கில், "பலம், பழம், பள்ளம், மழை, மலை, மாலை..." என்று தாறுமாறாகச் சொல்லிக் கொண்டே போகிறார். பையன் காதில் விழுந்ததை எழுதுகிறான். அன்று இருபதில் பதினெட்டு சரி. மீதி இரண்டுக்காக இன்னும் ஐந்து நிமிடம் திருகினார்கள். கடைசி பெஞ்சில்தான் கால் முடியாத பாட்டிமார்கள் உட்காருவார்கள். வாசல் பக்கம் என்பதால் அவர்களுக்கு அதுதான் சௌகரியம்.

அந்த மிக்ஸரும் சும்மா வந்துவிடவில்லை. ஊர்ப்பக்கக் கோயில்களைப் போல இங்கும் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். தேங்காய், சேவல், வாழைத்தார் ஏலம் எடுத்த பணத்தை இரண்டு வருடம் சேர்த்து வாங்கியது.

உதட்டில் பாய்ந்த மின்சாரம்

மைக்கைத் தொடுவதற்கு முன் அண்ணாச்சி செய்யும் முதல் வேலை, சுவரில் உள்ள பிளக் பாயிண்டுகளைச் சோதிப்பது. காரணம் கேட்டேன். சிரிப்பு நின்றது.

ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூலை மாதம். மும்பை மழை. சுவரெல்லாம் ஈரம். கிதார் வாசிக்கும் பையன் ஒருவன் பாட மைக்கிடம் குனிந்தான். உதடு பட்டதும் அப்படியே பின்னால் விழுந்தான். கிதார் ஆம்ப்ளிபயருக்குப் போன ஒயரின் பிளக்கில் எர்த் முனையை யாரோ உடைத்திருந்தார்கள். உள்ளே கசிந்த மின்சாரம் கிதார் கம்பிகளில் ஏறி நின்றது. மைக்கின் கூடோ சரியாக எர்த் ஆகியிருந்தது. இரண்டுக்கும் நடுவே அந்தப் பையன்.

நல்ல வேளை, சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது புனேயில் வேலை. கிதார் வாசிக்கிறானாம், மைக் பக்கம் போவதில்லையாம்.

"25 ஆயிரம் வோல்ட்டுக்குக் கீழே வேலை பார்க்கிறவன் நான். 230 வோல்ட்டில் கோட்டை விட்டேன்" என்றார் அண்ணாச்சி. அந்த ஒயரைச் செருகியவர் வேறு யாரோ. ஆனாலும் அவர் அப்படித்தான் சொல்கிறார். மறுவாரமே சொந்தச் செலவில், மின்சாரக் கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை வாங்கி மாட்டினார். மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. வாசகர்கள் இன்றே எழுந்து ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

திரையில் வந்த தகராறு

பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவது கூரியர் ஆபீஸ் சகோதரியின் பொறுப்பு. மும்பையில் பிறந்தவர். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பழைய எழுத்துருக்களில் யாரோ அடித்து வைத்திருந்த பாடல்கள் வேறு கம்ப்யூட்டரில் கோழி கிளறியது போலத் தெரிந்தன. நானூறுக்கு மேற்பட்ட பாடல்களை, இரவு வேலை முடிந்து வந்து, யூனிகோடில் திரும்ப அடித்திருக்கிறார்.

பாமாலைப் பாட்டு என்றால் சிரமமில்லை. வரிசையாகத் தள்ளிக் கொண்டே போகலாம். கீர்த்தனை அப்படி அல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) போன்றவர்கள் கர்நாடக இசை முறையில் எழுதியவை. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். பாடுகிறவர் உற்சாகத்தில் பல்லவியை மூன்று தரம் பாடுவாரா, ஒரு தரத்தோடு விடுவாரா என்பது அவருக்கே தெரியாது. மூச்சு வாங்குவதைப் பார்த்துத்தான் பட்டனை அமுக்க வேண்டும் என்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் சில இளம் பெற்றோர் கமிட்டிக்கு ஒரு கோரிக்கை வைத்தார்கள். "எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தமிழ் வரிகளை ஆங்கில எழுத்திலும் போடுங்கள்." பெரியவர் ஒருவர் கொதித்து எழுந்தார். "திரையைப் பார்த்தாவது நாலு எழுத்து படிப்பார்கள் என்று இருந்தோம். அதையும் கெடுக்கவா?" மூன்று கூட்டம் நடந்தது. குரல்கள் உயர்ந்தன. ஒரு குடும்பம் இரண்டு மாதம் கோயிலுக்கே வரவில்லை.

கடைசியில் தமிழ் மேலே பெரிதாக, ஆங்கில எழுத்து கீழே சிறிதாக என்று முடிவாயிற்று. ல, ள, ழ மூன்றையும் ஆங்கில எழுத்தில் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்பது சகோதரியின் தலைவலி. முதல் பாட்டில் மட்டும் ஆங்கில எழுத்தைப் போடுவதில்லை. இது கமிட்டி சொன்னதல்ல, அவராகவே செய்வது. யாராவது கேட்டால், "இன்னும் அடித்து முடிக்கவில்லை" என்கிறாராம். பெரியவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஆனால் என் வீட்டிலும் இதே கதை என்பதால் வாயைத் திறக்கவில்லை.

ஜன்னல் கம்பியில் ஒரு செல்போன்

காமிரா விஷயத்தில் அண்ணாச்சியே எதிர்க்கட்சியாக இருந்தவர். "கோயிலுக்குள் சினிமாவா?" என்று கேட்டவர்.

2020 மார்ச் 22 இரவோடு மும்பை லோக்கல் வண்டிகள் நின்றன. 25-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். ஹால் பூட்டிக் கிடந்தது. கணக்கரும் சகோதரியும் ஐயர் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தார்கள். ஒரு செல்போனைக் கைக்குட்டையால் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். ஒரு மைக். சுவரில் வெள்ளை வேட்டி. ஈஸ்டர் ஆராதனை வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது.

மே மாதம் அண்ணாச்சியின் தாயார் நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் காலமானார். வயது 81. ரெயில் இல்லை. அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. மூத்த மகன் மும்பையில் ஒரு பத்தடி அறையில் உட்கார்ந்திருந்தார்.

ஊரில் தங்கை மகன் செல்போனைப் பிடித்தான். இங்கே இருவரும் அண்ணாச்சி வீட்டு வாசலில் முகமூடியோடு உட்கார்ந்து இணைப்பைப் பார்த்துக் கொண்டார்கள். பனங்காட்டுக் காற்று 'உர்' என்று இரைந்ததே தவிர, ஊர் ஐயரின் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இன்னொரு டெலிபோனில் கூப்பிட்டு, செல்போனின் மைக் துவாரத்தின் மேல் மெல்லிய துணியைச் சுற்றும்படி சகோதரி சொன்னார். இரைச்சல் தணிந்தது. பிறகு அங்கே ஒரு சின்ன ஒலிபெருக்கியை இரவல் வாங்கித் திண்ணையில் வைத்தார்கள். அண்ணாச்சி இங்கிருந்து மூன்று நிமிடம் ஜெபம் செய்தார். அவர் குரல் அம்மாவின் பக்கத்தில் கேட்டது.

"ஊளை வரவில்லை. அதை மட்டும் கவனித்தேன். மற்றது ஞாபகம் இல்லை" என்றார்.

இப்போது காமிராவைத் துடைத்து வைப்பவர் அவர்தான். ஊரிலிருக்கும் வயதான பெற்றோர்களும், வளைகுடா நாடுகளில் ஷிப்டு பார்க்கும் நர்ஸ்களும் ஞாயிறுதோறும் பார்க்கிறார்கள். ஐந்து நிமிட நடையில் இருப்பவர்கள் சிலரும் போர்வைக்குள் படுத்தபடியே பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டால் கணக்கர் பெருமூச்சு விடுகிறார்.

இரவு 10 மணிக்கு மேல்

கிறிஸ்துமஸ் இரவில் வாசலில் உள்ள ஒலிபெருக்கியை 10 மணிக்கு நிறுத்திவிடுகிறார்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்கு அரசு தனியாகச் சலுகை கொடுத்தால் உண்டு. மூடிய ஹாலுக்குள் தடை இல்லை. பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு 55 டெசிபல். அதே 2000-ல் சென்னைச் சபை ஒன்றின் வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததை அண்ணாச்சி நினைவில் வைத்திருக்கிறார். "எதிர் மாடியில் ஒரு மராத்திப் பெரியவர் இருதய நோயாளி. அவருக்காகவே நிறுத்தலாம்" என்கிறார்.

ஆராதனை முடிந்ததும் அவரிடம், "இன்றைக்கு ஐயரின் பிரசங்கம் எப்படி?" என்று கேட்டேன். "26 நிமிஷம். இரண்டு தடவை இருமினார்" என்றார். பிரசங்கத்தை அவர் கேட்பது மறுநாள்தான். கல்யாண் போகும் வண்டியில், பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கொண்டு.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறு ஓய்வுக்காக அண்ணாச்சி சக தொழிலாளிகளிடம் ஷிப்டு மாற்றிக் கொள்கிறார். ஒரு சபை ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்த மேடைக்கு அழைத்தார்கள். ஒரு பையனை மட்டும் அனுப்பி வைத்தார்கள். மற்றவர்கள் எழுந்து போனால் மைக்கை யார் பார்ப்பது?

மணி 9.40. பையன்களில் ஒருவன் ஒயரை முழங்கையில் சுற்றத் தொடங்கினான். அண்ணாச்சி பிடுங்கிக் கொண்டார். அப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கி ஒடியும். அது வளைகிற பக்கமே வளைத்துச் சுற்ற வேண்டும். பையன் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினான். இன்னும் சரியாக வரவில்லை. மூன்றாம் முறையும் அவிழ்க்கச் சொன்னார். மராத்திச் சபையின் மைக்காரர் வாசலில் வந்து நின்று, தன் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒயரின் மறு முனையைப் பிடித்துக் கொண்டார். அன்று மெகா பிளாக். கல்யாண் பக்கம் போகும் வண்டி தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் கவலை.