எலக்ட்ரிக் விமானம்: கரண்ட் பில் கம்மி, ஆனா மொத்த பில்?

அமெரிக்க ஷேர் வாங்குற ஆப் போன்ல இருந்தா, 'ஏர் டாக்ஸி' கம்பெனிகள் பேரு உங்க கண்ணுல பட்டிருக்கும். "பெட்ரோல் செலவே இல்ல, கரண்ட்ல பறக்கும், லாபம் கொட்டும்" என்பதுதான் கதை. மாசம் மிச்சம் பிடிக்கிற ஐயாயிரத்தை அதுல போடறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு பார்த்துடலாம்.

கதையில் பாதி உண்மை. நம்ம ஊர் விமான கம்பெனிகளுக்கு மொத்த செலவுல 30 முதல் 40 சதவீதம் எரிபொருளுக்கே போகுது. அதனால கரண்ட் என்றதும் ஆசை வருவது நியாயம்தான்.

ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் கம்பெனி தயாரித்த வெலிஸ் எலக்ட்ரோ, 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் வாங்கியது. முழு எலக்ட்ரிக் விமானம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. ரெண்டு சீட், பைலட் பயிற்சிக்கானது. பேட்டரி சுமார் 25 யூனிட் பிடிக்கும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ஃபுல் சார்ஜுக்கு 250 ரூபாய். அதில் சுமார் 50 நிமிஷம் பறக்கலாம். இதே அளவு பெட்ரோல் விமானம் மணிக்கு 15 லிட்டர் குடிக்கும்னு வைங்க, லிட்டர் 100 ரூபாய்னா 1,500 ரூபாய் ஆச்சு. ஒரே நேரக் கணக்கில் பார்த்தா ஐந்தில் ஒரு பங்கு செலவு! இங்கேதான் நிறைய பேர் கணக்கை மூடிடறாங்க.

பேட்டரி தேயுமே? பேட்டரி 20 லட்சம், 1,000 சார்ஜ் தாங்கும்னு ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம் (இது என் அனுமானம், கம்பெனி விலை இல்லை). ஒவ்வொரு சார்ஜுக்கும் 2,000 ரூபாய் தேய்மானம். கரண்ட் 250, பேட்டரி 2,000. பெட்ரோல் இன்ஜினுக்கும் ஓவர்ஹால் செலவு உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதே பேட்டரி 4,000 சார்ஜ் தாங்கினால் தேய்மானம் 500 ஆகிடும், எலக்ட்ரிக் ஜெயிச்சிடும். ஆக, முடிவு பண்றது கரண்ட் ரேட் இல்லை. வாங்கின பொருள் எவ்வளவு காலம் உழைக்குது என்பதுதான். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

அந்த உழைக்கிற காலத்தை பேட்டரி மட்டும் தீர்மானிக்கறதில்லை. அரசாங்கமும் தீர்மானிக்கும்.

சீனாவின் ஈஹாங் கம்பெனியை எடுத்துக்குவோம். அதன் ரெண்டு சீட் விமானத்தில் பைலட்டே கிடையாது, தரையில் இருக்கும் கட்டுப்பாட்டு மையம் மொபைல் நெட்வொர்க் வழியா கண்காணிக்குது. 2023 அக்டோபரில் சீன அரசு சான்றிதழும் கொடுத்தாச்சு. வெளிநாட்டுக்கு அறிவித்த விலை 4,10,000 டாலர், டாலர் 85 ரூபாய்னா கிட்டத்தட்ட 3.5 கோடி. இப்படி ஒரு வண்டி எங்கே பறந்தது, கேமராவில் என்ன பதிந்தது, அந்த டேட்டா எந்த நாட்டு சர்வருக்குப் போகுது? வாங்குற நாடு இதைக் கேட்காமல் இருக்குமா? சீனாவின் 2017 உளவுச் சட்டம், அந்நாட்டு நிறுவனங்கள் உளவுப் பணிக்கு ஒத்துழைக்கணும்னு சொல்லுது. சும்மா சீனாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2021-ல் டெஸ்லா கார்களின் கேமராவுக்குப் பயந்து ராணுவ வளாகங்களுக்குள் விடமாட்டோம்னு சொன்னதும் அவங்கதான்.

ஈஹாங்கைத் தடை பண்ணிட்டாங்கன்னு நான் சொல்லவில்லை. ஆனா குட்டி எலக்ட்ரிக் விமானமான ட்ரோனுக்கு நடந்ததைப் பாருங்க. 2020 ஜனவரியில் அமெரிக்க உள்துறை, சுமார் 800 ட்ரோன்களை அவசர வேலை தவிர பறக்கவிடாமல் நிறுத்தியது. 2023-ல் ஃபுளோரிடா மாநில அரசுத் துறைகள் சீன ட்ரோன்களை ஓரம் கட்ட வேண்டியதாச்சு. மாற்று ட்ரோன் வாங்க 2.5 கோடி டாலர் ஒதுக்கினாங்க. அந்த ட்ரோன்கள்ல எதுவும் ரிப்பேர் இல்லை, நல்லா பறந்துட்டுதான் இருந்துச்சு! நம்ம நாட்டிலும் 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது, சில விதிவிலக்குகளோடு. அதுக்கு முன்னாடி 2020 ஜூனில் டிக்டாக் உட்பட 59 ஆப்கள் ஒரே ராத்திரியில் போனது ஞாபகம் இருக்கும்.

இப்போ அந்த 3.5 கோடிக்கு வருவோம். 10 வருஷம் ஓடினால் வருஷத்துக்கு 35 லட்சம். நாலாவது வருஷம் டேட்டா காரணமா நிறுத்தச் சொன்னால் வருஷத்துக்கு 87.5 லட்சம், அதாவது ஒரு நாளைக்கு சுமார் 9,600 ரூபாயாக இருந்தது சுமார் 24,000 ஆகிடும். கரண்டை இலவசமாவே கொடுத்தாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

அதனால இந்த மாதிரி ஷேர் எதையாவது வாங்க நினைச்சா, யூடியூப் வீடியோ (என்னுடையதும் சேர்த்துத்தான்!) பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. அமெரிக்க பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனின்னா ஆண்டறிக்கை எஸ்.ஈ.சி. தளத்தில் இலவசமா கிடைக்கும். அதில் 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதியைத் திறந்து ரெண்டு விஷயம் தேடுங்க: பேட்டரியை எத்தனை தடவை சார்ஜ் பண்ணிய பிறகு மாத்தணும், பறக்கும் டேட்டா எந்த நாட்டில் சேமிக்கப்படுது. ரெண்டுக்கும் தெளிவான பதில் இல்லைன்னா, அந்த ஐயாயிரம் இந்த மாசமும் உங்க எஸ்.ஐ.பி.யிலேயே இருக்கட்டும்.