கண்ணுக்குத் தெரியாத சிமிழ்

ஜவுளிக் கடையில் பில் போடும்போது கவனித்திருக்கிறீர்களா? சில பில் புத்தகங்களில் கார்பன் தாளே இராது. ஆனாலும் மேல் தாளில் எழுதியது அடித் தாளிலும் நீலமாக விழுந்துவிடும்! கண்கட்டு வித்தையோ?

வித்தைதான், ரசாயன வித்தை! 1950-களில் அமெரிக்காவின் நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் பாரெட் கிரீன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாவும் உருவாக்கியது.

நிறமற்ற சாயத்தை எண்ணெயில் கரைத்து, ஜெலட்டினும் வேலம் பிசினும் கலந்த வெதுவெதுப்பான நீரில் விட்டு, மோர் கடைவது போல் கடைகிறார்கள். எண்ணெய் பொடித் துளிகளாகச் சிதறுகிறது. சிறிது அமிலம் சேர்த்ததும், ஜெலட்டினும் பிசினும் ஒன்றுகூடி ஒவ்வொரு துளியின் மேலும் ஆடையாகப் படிகின்றன. ஆறவைத்தால் ஆடை இறுகும். தலைமயிரின் பருமனைவிடச் சிறிய சிமிழ் தயார்! மேல் தாளின் பின்புறத்தில் இதைப் பூசுகிறார்கள். பேனா அழுத்தியதும் சிமிழ் உடைந்து, சாயம் அடித் தாளின் களிமண் பூச்சில் பட்டு நீலமாகிறது.

இன்று மருந்தும், துணிக்கு ஊட்டும் வாசனையும்கூட இத்தகைய சிமிழ்களில் அடைபட்டு வருகின்றன.

சிமிழைப் புகழ்ந்தவர்கள் உள்ளே இருந்த எண்ணெயை மறந்தார்கள். 1971 வரை அதில் பி.ஸி.பி. என்ற நச்சு ரசாயனம் இருந்தது. விஸ்கான்ஸின் மாகாணக் காகித ஆலைகளின் கழிவோடு அது ஃபாக்ஸ் நதியில் கலந்து, மீன்களின் உடலிலும் ஏறிற்று. நதியின் அடிச் சேற்றை அள்ளி முடித்தது 2020-ல்தான். மொத்தச் செலவு நூறு கோடி டாலருக்கு மேல்!

குங்குமச் சிமிழ் வாங்கினால்கூட மூடியைத் திறந்து பார்த்துத்தானே வாங்குகிறோம்? கண்ணுக்குத் தெரியாத சிமிழையும் யாராவது திறந்து பார்த்தே தீர வேண்டும்.